அட்டை இல்லாத புல்வெளி

நியூயார்க் மாநிலத்தில் கடையில் வாங்கிய களைக்கொல்லியை என் வீட்டுப் புல்வெளியில் நானே தெளித்துக்கொள்ள உரிமம் தேவையில்லை. ஆனால் அதே மருந்தைக் கூலிக்குத் தெளிப்பவர் மாநிலச் சுற்றுச்சூழல் பாதுகாப்புத் துறையின் சான்றிதழ் பெற்றவராகவோ, அத்தகையவரின் மேற்பார்வையில் பணிபுரிபவராகவோ இருக்க வேண்டும். அவரது நிறுவனமும் பதிவு பெற்றிருக்க வேண்டும். முன்கூட்டியே எழுத்துவடிவ ஒப்பந்தமும், தெளித்த இடத்தில் 24 மணி நேரம் நிற்கும் அறிவிப்பு அட்டையும் கட்டாயம்.

சென்ற சனிக்கிழமை எங்கள் தெருவில் புல்வெட்ட வந்த இளைஞர், கையுறைகூட இல்லாமல் முதுகுத் தெளிப்பானை மாட்டிக்கொண்டு மருந்தடித்துவிட்டுப் போனார். அட்டை எதுவும் நடப்படவில்லை; மாலையில் அதே புல்லில் குழந்தைகள் வெறுங்காலுடன் ஓடினார்கள். புகார் அளிக்கத்தான் போகிறேன். எனினும் அபராதம் அந்தக் கூலியாளின் தலையில் விழாமல், உரிமமின்றி அவரை அனுப்பிய முதலாளியைச் சென்றடைய வேண்டும் என்பதே என் கவலை.