35 வாரத்தில் பிறந்த குழந்தைக்கு பெரா டெஸ்ட் (கேட்கும் நரம்புப் பாதைப் பரிசோதனை): எங்கள் அனுபவம்

என் மகள் 35வது வாரத்தில் பிறந்தாள், எடையும் அந்த வாரத்துக்கு இருக்க வேண்டியதைவிடக் குறைவு. ஐசியுவில் மஞ்சள் காமாலைக்காக நீல விளக்கில் வைத்தார்கள், கிருமித்தொற்று இருக்கலாம் என்று ஜென்டாமைசின் என்ற ஆன்டிபயாடிக்கும் போட்டார்கள். அப்புறம் வீட்டுக்கு அனுப்பும் முன் செய்த ஓஏஇ என்ற காது பரிசோதனையில் (காதுக்குள் சத்தம் கொடுத்து, உள்காது திருப்பி அனுப்பும் மெல்லிய ஒலியைப் பதிவு செய்வது) இரண்டு காதிலும் தேறவில்லை. பிறந்த புதிதில் காதுக்குள் நீரும், பிறக்கும்போது குழந்தையின் உடலில் ஒட்டியிருக்கும் வெள்ளை மாவும் இருந்தாலே இப்படி வரும், திரும்பப் பார்க்கலாம் என்றார்கள்.

இரண்டாவது முறை ஓஏஇ தேறிவிட்டது. வீட்டில் எல்லோரும் சரி, முடிந்தது என்றார்கள். ஆடியாலஜிஸ்ட் (செவித்திறன் நிபுணர்) ஒத்துக்கொள்ளவில்லை, அதற்காக அவருக்கு இன்றும் நன்றி சொல்கிறேன். ஓஏஇ உள்காதின் வேலையை மட்டும்தான் காட்டும், அங்கிருந்து நரம்பு வழியாக மூளைத்தண்டுக்குச் சத்தம் போய்ச் சேருகிறதா என்று காட்டாது. மஞ்சள் காமாலை அதிகமானால் அடிபடுவதே அந்தப் பாதைதான். அதனால் ஐசியுவில் இருந்த குழந்தைகளுக்கு பெரா, அதாவது சத்தத்துக்கு நரம்பும் மூளைத்தண்டும் தரும் பதிலைப் பதிவு செய்யும் பரிசோதனை, அவசியம் என்றார்.

பெராவுக்குக் குழந்தை அசையாமல் தூங்க வேண்டும். நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் ஜெல் தேய்த்துச் சுத்தம் செய்யும்போதே பாதிக் குழந்தைகள் விழித்துக்கொள்ளும். எனவே பசியோடு கூட்டிப்போய், அந்தப் பதிலைப் பதிவு செய்யும் எலக்ட்ரோடுகளை முதலில் ஒட்டச் சொல்லி, அதன் பிறகு பால் கொடுங்கள். அவள் குடித்தபடியே தூங்கிப்போனாள்.

ரிப்போர்ட்டைப் பார்த்துத்தான் நாங்கள் உடைந்துபோனோம். ‘தாமதம்’ என்று இருந்தது. உண்மையில் அதில் பார்க்க வேண்டியவை இரண்டு. எவ்வளவு மெல்லிய சத்தத்துக்குப் பதில் வருகிறது என்பது ஒன்று, அது 30 டெசிபல், இரண்டு காதிலும் நன்றாகவே இருந்தது. மற்றது அந்தப் பதில் எவ்வளவு வேகமாக வருகிறது என்பது. பதில் அடுத்தடுத்த அலைகளாகப் பதிவாகும்; முதல் அலை கேட்கும் நரம்பில் எழுவது, ஐந்தாவது அலை மூளைத்தண்டின் மேல்பகுதியில். இந்த இடைவெளி பெரியவர்களுக்குச் சுமார் 4 மில்லிசெகண்ட், நிறைமாதக் குழந்தைக்குச் சுமார் 5, இவளுக்கு அதற்கும் மேல். நரம்பைச் சுற்றி மயலின் உறை இன்னும் முழுதாகப் படியாததால் சமிக்ஞை மெதுவாகப் போகிறது, உறை படியப் படிய வேகம் கூடும். முன்கூட்டிப் பிறந்தவளைப் பிறந்த தேதியை வைத்து ஒப்பிடக் கூடாது, பிறந்திருக்க வேண்டிய தேதியிலிருந்து கணக்கிட்ட வயதுக்கு என்ன அளவோ அதோடுதான் ஒப்பிட வேண்டும் என்று மருத்துவர் தாளில் எழுதியே காட்டினார்.

அதற்காக வளர்ந்தால் தானாகச் சரியாகிவிடும் என்று விட்டுவிடவும் கூடாது. ஒரு மாதத்துக்குள் முதல் பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் நோயறிதல், குறை இருந்தால் ஆறு மாதத்துக்குள் சிகிச்சை என்பது பல நாடுகளில் உள்ள வழிகாட்டுதல். சில மாதம் கழித்து மறுபடி பெரா எடுத்தோம், இடைவெளி நன்றாகக் குறைந்திருந்தது, நான் அங்கேயே அழுதுவிட்டேன். ஜென்டாமைசின் செவித்திறனைப் பாதிக்கக்கூடிய மருந்து, அதைப் போட்டிருப்பதால் செவித்திறன் பரிசோதனை இன்னும் தொடர்கிறது. போகும்போதெல்லாம் டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துப் போகிறோம். பிலிருபின் (மஞ்சள் காமாலையில் இரத்தத்தில் கூடும் மஞ்சள் நிறப் பொருள்) எவ்வளவு ஏறியது, எந்த ஆன்டிபயாடிக் எத்தனை நாள் போட்டார்கள் என்றுதான் முதலில் கேட்கிறார்கள்.