தார் பாலைவன பாக்டீரியாவின் செல்லுலேஸ்: கணினியில் ஆராய்ந்த அனுபவம்

ஜெய்சல்மேர் பக்கத்தில், வன்னி மரத்துச் சருகு மக்கிய மண்ணிலிருந்து பிரித்தெடுத்த ஒரு பேசில்லஸ் பாக்டீரியா. செல்லுலோஸைச் சிதைக்கும் அதன் நொதியைக் கணினியில் ஆராய்வதுதான் என் முதுநிலை ஆய்வு. மண் எடுத்து வளர்த்தவர்கள் வேறு குழுவினர். எனக்கு வந்தது மரபணு வரிசை மட்டும்.

தொடக்கம் எளிதாகவே போனது. பேசில்லஸ் சப்டிலிஸ் என்ற பாக்டீரியாவின் எண்டோகுளுக்கனேஸுக்கு (செல்லுலோஸ் சங்கிலியை நடுவில் வெட்டும் நொதி) நெருங்கிய உறவு, ஜிஹெச்5 என்ற நொதிக் குடும்பம் என்று, வரிசைகளை ஒப்பிடும் பிளாஸ்ட் தேடல் காட்டியது. செல்லுக்கு வெளியே சுரக்கும் நொதி என்பதால், வெளியேறும்போது வெட்டுப்பட்டுப் போகும் முன்முனைச் சமிக்ஞைப் பகுதியை நீக்கிவிட்டு, புரதத்தின் முப்பரிமாண வடிவத்தைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்டில் வடிவம் பெற்றேன்.

நொதியில் மூலக்கூறு எப்படிப் பொருந்தும் என்று கணிக்கும் டாக்கிங்தான் படாதபாடு படுத்தியது. அதற்கான மென்பொருளான ஆட்டோடாக் வீனா, செல்லோடெட்ராவோஸை (நான்கு குளுக்கோஸ் கொண்ட சிறு செல்லுலோஸ் சங்கிலி) நொதியின் பள்ளத்தில் பல விதமாகப் பொருத்தி மதிப்பெண் தருகிறது. முதலில் நிற்பதைப் படமாக்கிப் போட்டு ஆய்வை முடித்துக்கொள்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடே இல்லை. சங்கிலியை அறுப்பவை நொதியில் உள்ள இரண்டு குளூட்டமிக் அமிலங்கள். ஒன்று, இரு சர்க்கரைகளை இணைக்கும் ஆக்சிஜனுக்குப் புரோட்டான் கொடுக்கிறது, மற்றது சர்க்கரையின் முதல் கார்பனைத் தாக்குகிறது. இவற்றின் தூரங்களை அளந்து பார்த்தேன். அதிக மதிப்பெண் பெற்ற பொருத்தத்தில் சங்கிலியே தலைகீழாகக் கிடந்தது!

மேலும், வீனா சர்க்கரை வளையத்தை வளைப்பதில்லை. வெட்டுப்படும் இடத்துச் சர்க்கரையோ நாற்காலி வடிவம் விட்டுத் திருகிய படகு வடிவத்துக்கு மாறியாக வேண்டும். இதே குடும்பத்தைச் சேர்ந்த பேசில்லஸ் அகராடெரன்ஸ் நொதியின் படிகத்தில் இந்தத் திருகலை 1998இலேயே பதிவு செய்திருக்கிறார்கள். அந்த வடிவத்தையே அச்சாகக் கொண்டு என் சங்கிலியை அமைத்தேன். பிஎச் 7 என்று கொடுத்ததும் மென்பொருள் எல்லா குளூட்டமிக் அமிலங்களின் புரோட்டானையும் கழற்றிவிடுகிறது. வினைக்கு வேண்டிய அந்த ஒன்றுக்கு மட்டும் நானே சேர்த்தேன்.

பிறகு, மூலக்கூறுகளின் அசைவைக் கணக்கிடும் குரோமாக்ஸ் மென்பொருளில் 300, 350 கெல்வின் வெப்பநிலைகளில் சிமுலேஷன். பாலைவனத்து நொதி என்றாலே வெப்பம் தாங்கும் என்று எழுதிவிடுவது அவசரம். வறட்சியில் பேசில்லஸ் அகவித்தாக உறங்கிவிடும். நொதியைச் சுரப்பது ஈரம் கிடைத்த பிறகுதான். 100 நானோநொடி குலையாமல் நிற்பதும் சான்றாகாது, சாதாரண நொதியும் அவ்வளவு நேரம் நிற்கும். அதனால் சப்டிலிஸ் நொதியையும் அதே நிலைகளில் ஓட்டி ஒப்பிட்டேன். சொல்லும்படியான வேறுபாடு இல்லை. அதை அப்படியே எழுதினேன். ஆய்வுத் தலைப்பில் இருந்த ‘வெப்பம் தாங்கும்’ என்ற அடைமொழியை வழிகாட்டியின் ஒப்புதலோடு நீக்கினோம். மரபணு இப்போது, நொதியைத் தயாரிப்பதற்காக, ஈ. கோலி பாக்டீரியாவில் ஏற்றப்பட்டிருக்கிறது. 40 முதல் 70 டிகிரி வரை நொதியின் செயல்திறனை, மண் எடுத்து வளர்த்த அந்தக் குழுவினர் அளக்கப்போகிறார்கள்.