'போமற்' அடிப்பதற்கு முன்னர்

பரந்தனில் உள்ள எங்கள் வீட்டுக் கணினி, திறப்பதற்கே பத்து நிமிடம் எடுக்கத் தொடங்கியபோது, வைரஸ் புகுந்துவிட்டதென்று அப்பா முடிவு கட்டிவிட்டார். "போமற் அடிச்சால் எல்லாம் சரிவரும், அண்ணை" என்றார் திருத்துகிற தம்பி. போமற் என்றால், வன்தட்டில் (ஹார்ட் டிஸ்க்) உள்ளவற்றை நீக்கி, அதைப் புதிதாக்குவது. ஆனால், படங்கள் இருந்த கோப்புறையைத் திறக்கும்போதெல்லாம் பெட்டிக்குள் பல்லி சொல்வதுபோல ஓர் ஒலி கேட்டதால், வன்தட்டே பழுதாகிறதோ என்று எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. 2009ஆம் ஆண்டு இடம்பெயர்ந்தபோது அம்மா பொலித்தீன் பையில் சுற்றிக் கொண்டுபோன குடும்பப் படங்களை, பின்னாளில் நான் ஸ்கான் செய்து சேர்த்துவைத்தது அந்தக் கோப்புறையில்தான். மூலப் படங்கள் பல ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிப் பழுதாகிவிட்டன.

வன்தட்டு தன் நலத்தைத் தானே குறித்துவைக்கும் 'ஸ்மார்ட்' பதிவை, கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் பார்த்தேன். 'சி5' என்ற வரியில் ஏ8 என்றிருந்தது. அம்மென்பொருள் வழமையாகப் பதினாறை அடியாகக் கொண்ட பதினறும எண்ணில் காட்டுவதால் அது 168. வயர்வழி தரவு போய்வருகையில் நேரும் பிழைகளை எண்ணும் 'சி7' பூச்சியமாக இருந்தபடியால் வயரில் சந்தேகம் கொள்ளவில்லை.

சி5 என்பது, வாசிக்க முடியாமற்போய், இன்னும் தீர்ப்புக் கிடைக்காமல் காத்திருக்கும் செக்டர்களின், அதாவது தட்டின் சிறு துண்டுகளின், எண்ணிக்கை. அத்தகைய இடத்தில் புதிதாக எதையாவது எழுதும்போதுதான், அது இனியும் உதவுமா, அல்லது ஒதுக்கத்தில் இருக்கும் வேறு செக்டரை அதற்குப் பதிலாக அமர்த்த வேண்டுமா என்று வன்தட்டு தீர்மானிக்கிறது. ஆகவே, முழுத் தட்டிலும் எழுதிச்செல்லும் முழுமையான போமற்றை அடித்திருந்தால், அந்த 168 பூச்சியமாகி, கணினி குணமடைந்ததுபோலத் தோன்றியிருக்கும், படங்களோ போயிருக்கும். தட்டைச் சோதித்துத் திருத்தும் விண்டோஸின் 'செக்டிஸ்க்' கருவியை ஓடவிடுவதும் அந்நேரத்தில் ஆபத்தே. சாகக் கிடக்கும் தட்டை அது மணிக்கணக்கில் உழைக்கவைப்பதோடு, கோப்புகளின் ஒழுங்கையும் மாற்றி எழுதக்கூடும். ஐஸ்பெட்டிக்குள் வைத்தெடுத்தால் உயிர்வரும் என்பாரும் உளர். எங்கள் வெக்கையில் வெளியே எடுத்ததும் அதில் நீர் பூப்பதுதான் மிச்சம்.

எனவே கணினியை நிறுத்தி, பென்டிரைவிலிருந்து லினக்ஸைத் தொடக்கி, 500 ஜிபி தட்டு முழுவதையும் 1 டிபி புதுத் தட்டுக்கு பழுதான தட்டிலிருந்து தரவை மீட்கும் 'டிடிரெஸ்க்யூ' மென்பொருள் மூலம் பிரதி எடுத்தேன். அது நல்ல பகுதிகளை முதலில் அள்ளிக்கொண்டு, முரண்டு பிடிக்கும் இடங்களைக் கடைசிக்கு விட்டுவைக்கிறது. எதுவரை முடிந்தது என்பதை ஒரு வரைபடக் கோப்பிலும் எழுதிவருகிறது. பென்டிரைவில் ஓடும் லினக்ஸ் பெரும்பாலும், கரண்ட் போனால் அழிந்துவிடும் நினைவகத்திலேயே வாழ்வதால், அந்தக் கோப்பை வேறொரு பென்டிரைவில் சேமித்தேன். நல்லகாலம் அப்படிச் செய்தேன், இரவு பதினொரு மணிக்குக் கரண்ட் நின்றது. யூபிஎஸ் வாங்க வேண்டுமென்று இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டு மட்டுமே இருக்கிறேன். வெளிச்சம் வந்ததும் அதே கட்டளையைக் கொடுக்க, விட்ட இடத்திலிருந்து வேலை தொடர்ந்தது.

மறுநாள் மாலை, மீளாதிருந்தது ஏறத்தாழ 40 கேபி மட்டுமே. செக்டிஸ்க்கை அதன்பின் பிரதியில்தான் ஓடவிட்டேன். படங்களைத் திறந்து பார்த்ததில், ஒன்று மட்டும் பாதிக்குக் கீழே சாம்பல் நிறமாகிவிட்டிருந்தது: அம்மம்மா கிணற்றடியில் நிற்கும் படம், முகம் தப்பிவிட்டது. அதன் கடதாசிப் பிரதியொன்று முள்ளியவளையில் சித்தியிடம் இருக்கக்கூடும் என்று அம்மா சொல்கிறார். வரும் ஞாயிறு போய்ப் பார்க்க வேண்டும்.