நூறு நாள் கூலி

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் வந்தால் தெற்குக் குருசுமலை ஏறாமல் எங்கள் வீட்டில் யாருக்கும் இருப்புக் கொள்ளாது. வெள்ளறடை வழியாக ஏறினால் கேரளம், பத்துகாணி வழியாக வந்தால் தமிழ்நாடு. 1956 நவம்பர் 1இல் விளவங்கோடு, கல்குளம் உட்பட நாலு தாலுகா திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து இந்தப் பக்கம் வந்தது. அடுத்த வருஷமே மலை மேல் சிலுவை நட்டார்கள். இயேசு சிலுவை சுமந்ததை நினைத்து நிலைநிலையாக நின்று செபிப்பது சிலுவைப்பாதை. இன்றைக்கும் அதில் முன்னால் போகிறவர்கள் மலையாளத்தில் பாட, பின்னால் நாங்கள் தமிழில் முழங்கால் போடுகிறோம்.

இந்த வருஷம் தோளில் ஒரு சின்ன மரச்சிலுவை. ரப்பர் மரத்தில் நானே செய்தது. மூன்றாம் நிலை தாண்டும் முன்பே கழுத்தோரம் தோல் சிவந்துவிட்டது. மனைவி துண்டை மடித்து அடியில் வைத்தாள். வேண்டுதல் என்று சொல்லிவிட்டுத் துண்டு வைக்கலாமா? வைத்துக்கொண்டேன்.

வழியில் மர நிழலில் ஒரு அச்சன், அதாவது பாதிரியார், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கும்பசாரம் கேட்டுக்கொண்டிருந்தார். செய்த பாவங்களை அவரிடம் சொல்லி மன்னிப்புப் பெறுவதுதான் கும்பசாரம். வரிசையில் நின்றேன். எனக்கு அது பழகிப்போன வேலை. பொய், கோபம், இரண்டு ஞாயிறு பூசைக்குப் போகாதது என்று மளிகைச் சாமான் சீட்டு வாசிப்பதுபோல் சொல்லி முடித்தேன். அச்சன் கேட்டார், "யாரிடமாவது பகை வைத்திருக்கிறாயா?"

"இல்லை அச்சா."

கும்பசாரத்தில் சொன்ன பொய். என் சித்தப்பா மகன் என்னிடம் 80,000 ரூபாய் வாங்கிப் பல வருஷம் ஆகிறது. எழுதி வாங்கிய புரோநோட்டு பீரோவில் இருக்கிறது. மூன்று வருஷம் கழிந்ததும் அதைக் கொண்டு கோர்ட்டுக்குப் போக முடியாது என்று தெரியும். இருந்தாலும் வைத்திருக்கிறேன். அவன் வீட்டுக் கல்யாணத்துக்குக்கூடப் போகவில்லை.

பரிகாரமாக, இயேசு கற்பித்த செபம், ஒரு 'விண்ணகத்தில் இருக்கிற' சொல்லச் சொன்னார். நாலு அடி தள்ளி நின்று ஆரம்பித்தேன். "எங்களுக்குத் தீமை செய்வோரை நாங்கள் பொறுப்பதுபோல..." அதற்கு மேல் வாய் வரவில்லை. பாரத்தையும் பொறுக்கிறோம், பிழையையும் பொறுக்கிறோம். நம் மொழியில் இரண்டுக்கும் ஒரே சொல். தோளில் கிடந்த சிலுவை அப்போதுதான் கனத்தது.

பைபிளில் மத்தேயு 18ஆம் அதிகாரத்தில் இயேசு சொல்லும் கதையில் ஒருவன் அரசனிடம் பட்ட கடன் பத்தாயிரம் தாலந்து. அந்தக் காலத்துக் காசில் ஒரு தெனாரியம் ஒரு நாள் கூலி, ஒரு தாலந்துக்கு 6,000 தெனாரியம். ஆக, 6 கோடி நாள் கூலி. ஒன்றரை லட்சம் வருஷம் தினமும் வேலைக்குப் போனாலும் அடைக்க முடியாது. அரசன் அதை முழுக்க விட்டுவிடுகிறான். வெளியே வந்தவன் நூறு தெனாரியம் தரவேண்டிய கூட்டாளியின் கழுத்தைப் பிடிக்கிறான். அச்சன்மார் அந்த நூறை அற்பம் என்பார்கள். ரப்பர் பால் வெட்டப் போகிறவனுக்கு நூறு நாள் கூலி அற்பமில்லை. மழைக்காலத்தில் வெட்டே கிடையாது. இன்றைய கூலிக்கு என் 80,000 ரூபாயும் ஏறக்குறைய நூறு நாள்தான். மலையில் நின்று விரல் விட்டு எண்ணியபோதுதான் அது உறைத்தது.

மறுபடி வரிசையில் போய் நின்றேன். திரும்பி வந்தவனைப் பார்த்து அச்சன் முகம் சுளிக்கவில்லை. "இப்போது சொல்" என்றார். சொன்னேன். திட்டுவார் என்று பார்த்தால் கையை உயர்த்தி முதலில் சொன்ன அதே மன்னிப்பு மந்திரத்தையே சொன்னார். பத்து நிமிஷம் முன்னால் அது என் காதிலேயே விழவில்லை. இந்த முறை ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது.

உச்சியில் காற்று ஆளைத் தள்ளியது. சிலுவையை முத்தமிட்டோம், இறங்கினோம், அடிவாரத்தில் கஞ்சி குடித்தோம்.

வீட்டுக்கு வந்து புரோநோட்டை எடுத்தேன். ரெவின்யூ ஸ்டாம்பின் மேல் அவனுடைய கோணல் கையெழுத்து. மனைவி அடுப்பில் ரப்பர் விறகைத் தள்ளிக்கொண்டிருந்தாள். ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொண்டால் என்ன என்று தோன்றியது, சத்தியமாக. கை செல்போனுக்கும் போய்விட்டது.

அவள் நிமிர்ந்தே பார்க்கவில்லை. "போடுங்க" என்றாள்.