பச்சை எழுத்துக்குக் கீழே

இன்று மதியம் எதிரில் அமர்ந்திருந்த தோழியின் உதட்டோரம் சிவந்து, மெல்லிய செதில்களாக உரிந்திருந்தது. வறட்சி என்று நினைத்து, அதன்மீதே மீண்டும் லிப் பாமைத் தடவிக்கொண்டார்.

டப்பாவில் பச்சை எழுத்தில் 'முற்றிலும் இயற்கையானது' என்றிருந்தது. அதற்குக் கீழே, கண்ணை இடுக்கிப் படிக்க வேண்டிய பொடி எழுத்தில்: புரோபோலிஸ், லானோலின், ஆமணக்கு எண்ணெய், புதினா எண்ணெய்.

தேனீக்கள் மரப்பிசினைச் சேகரித்துக் கூட்டின் விரிசல்களை அடைக்கும் புரோபோலிஸ், ஆட்டு உரோமத்திலிருந்து பிரித்தெடுக்கப்படும் லானோலின், ஆமணக்கு எண்ணெயிலுள்ள ரிசினோலெயிக் அமிலம் ஆகிய மூன்றுமே சிலருக்கு ஒவ்வாமையால் உதட்டழற்சியை உண்டாக்குபவை என்பது தோல் மருத்துவம் நன்கறிந்த செய்தி.

பூசியவுடனே எரிந்தால் காரணம் விளங்கிவிடும். ஆனால், இவ்வகை ஒவ்வாமை பெரும்பாலும் ஓரிரு நாள் கழித்தே வெளிப்படுவதாலும், நெடுங்காலம் தொல்லையின்றிப் பயன்படுத்திய பொருளையே உடல் திடீரென எதிர்க்கத் தொடங்கக்கூடும் என்பதாலும், உண்மையான காரணத்தின்மீது நமக்குச் சந்தேகமே எழுவதில்லை. என்னைக் கவலைகொள்ளச் செய்வது இதுதான்.

ஐயத்திற்குரிய பொருள்களை முதுகில் ஒட்டி, 48 மணி நேரம் கழித்து அகற்றி, பின்னர் மீண்டும் ஓரிரு நாளில் பார்க்கும் ஒட்டுச் சோதனை காரணத்தைக் காட்டிக்கொடுக்கும். மருத்துவரிடம் செல்பவர்கள் உதட்டில் பூசுபவற்றோடு பற்பசையையும் கொண்டுசெல்வது நல்லது; அதிலுள்ள புதினா, இலவங்கப்பட்டை மணப்பொருள்களும் இதே அழற்சியைத் தரக்கூடும்.