11 கிளிக்கு விண்ணப்பம், கூண்டில் 14

என் கிளிகளுக்கான வனத்துறைப் பதிவுச் சான்றிதழ் போன வாரம் கைக்கு வந்தது. அந்தச் சந்தோஷத்தில்தான் எழுத உட்கார்ந்தேன், ஆனால் ரெண்டு வரி எழுதியதுமே பழைய கோபமெல்லாம் கிளம்பி வந்துவிட்டது. கொஞ்சம் புலம்பலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மொட்டை மாடியில் நாலைந்து ஜோடி வெளிநாட்டுக் கிளி வைத்துக் குஞ்சு எடுக்கிறவர்களுக்கு இதில் நிச்சயம் உபயோகம் இருக்கும்.

என்னிடம் இருந்தது ஆப்பிரிக்கன் கிரே ஒரு ஜோடி, ப்ளூ அண்ட் கோல்ட் மக்காவ் ஒரு ஜோடி, சன் கன்யூர் ஏழு. ஆக மொத்தம் 11. இந்த எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பத்து மாதம் என்னைப் படுத்தியெடுத்தது இதுதான்.

2020 ஜூனில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஒரு அறிவிப்பு விட்டது. வெளிநாட்டு உயிரினம் வைத்திருப்பவர்கள் ஆறு மாதத்துக்குள் தாங்களாக முன்வந்து சொன்னால், எங்கே வாங்கினாய், பில் எங்கே என்று கேட்க மாட்டோம் என்றார்கள். அப்போது என்னிடம் இருந்த எட்டையும் சொல்லி, ஒப்புகையை அச்செடுத்துக் கோப்பில் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்தேன். என் முதல் தப்பு அந்த நிம்மதிதான். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தை 2022-இல் திருத்தினார்கள், 2023 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது, அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தமான சைட்டிஸின் பட்டியலில் உள்ள உயிரினங்களெல்லாம் நம் சட்டத்தின் நான்காவது அட்டவணைக்குள் வந்துவிட்டன. அப்புறம் 2024 பிப்ரவரி 28 அன்று பதிவு விதிகள் வந்தன. பழசு புதுசு எல்லாரும் ஆறு மாதத்துக்குள் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்றார்கள். 2020-இல் சொன்னது வேறு, இது வேறு. எனக்கு இது தெரிந்தது ஆகஸ்ட் நடுவில், பறவைக்கார நண்பர் ஒருவர் "அண்ணே, நீங்க போட்டாச்சுல்ல?" என்று சாதாரணமாகக் கேட்டபோது.

விண்ணப்பம் போட்டது ஒரு ராத்திரி வேலை. அதில் மாட்டிக்கொள்ளக்கூடிய இடம் பறவையின் பெயர். நாம் வாயில் சொல்கிற பெயர் எதற்கும் உதவாது, அறிவியல் பெயர்தான் கணக்கு. நம் ஊரில் லவ் பேர்ட்ஸ் என்றால் பாதிப் பேருக்கு அது பட்ஜெரிகர். பட்ஜிக்கும் காக்டெயிலுக்கும் பதிவு வேண்டாம், சைட்டிஸ் பட்டியலிலேயே அவை கிடையாது. உண்மையான லவ் பேர்டில் அகாபோர்னிஸ் ரோசிகோலிஸ், அதாவது முகம் மட்டும் ரோஸாக இருக்கும் வகை, அதுவும் பட்டியலில் இல்லை. ஆனால் ஃபிஷர் இருக்கிறது! "லவ் பேர்டுக்கு ஒண்ணும் தேவையில்லை சார்" என்று கடைக்காரர் சொன்னதை நம்பி ஃபிஷர் ஜோடிகளை விட்டுவிட்டவர்களை எனக்கே தெரியும். கூண்டு முன்னால் நின்று ஒவ்வொரு பறவையாகப் பெயரைச் சரிபாருங்கள்.

வனச்சரக அலுவலகத்துக்கு முதல் தடவை போனது செப்டம்பரில். மேஜைக்குப் பின்னால் இருந்தவர் தலையைத் தூக்காமலே என்ன விஷயம் என்றார். கிளி என்றேன். அந்த ஒரு வார்த்தையோடு தலை நிமிர்ந்தது.

"கிளி வளர்த்தா ஜெயிலு, தெரியும்ல? கொண்டு வந்து ஒப்படைச்சிருங்க."

அவர் சொன்னதும் தப்பில்லை, நம் பச்சைக்கிளியை வீட்டில் வைத்தால் குற்றம்தான். இது அந்தக் கிளி இல்லை, வெளிநாட்டுக் கிளி என்று செல்போனில் படம் காட்டினேன். சன் கன்யூர் படத்தைப் பார்த்துவிட்டு "கலர் அடிச்சிருக்கா?" என்று கேட்டார், கிண்டலா நிஜமா என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. விதிகளை அச்செடுத்துக் கொண்டு போயிருந்தேன், கொடுத்தேன். புரட்டிப் பார்த்துவிட்டு, ஆன்லைன் விண்ணப்பம் எங்களுக்கு வரவில்லை, மாவட்ட வன அலுவலகத்தில் கேளுங்கள் என்றார். மாவட்டத்தில் கேட்டால் சரகத்துக்கு அனுப்பியாச்சு என்றார்கள். இந்தப் பந்து விளையாட்டு மூன்று மாதம் நடந்தது, விவரிக்கிற அளவுக்கு அதில் ஒன்றுமில்லை.

ஒரு விஷயம் மட்டும் சொல்லவேண்டும். 2020 ஒப்புகையில் என் பெயருக்கு முன்னால் இனிஷியல் மட்டும் இருந்தது, ஆதாரில் பெயருக்குப் பின்னால் அப்பா பெயர் முழுசாக இருக்கிறது. "ரெண்டும் ஒரே ஆள்னு நான் எப்படி நம்புறது?" என்று கேட்டுவிட்டார்கள். அதே போன் நம்பர், அதே முகவரி, எதிரில் நிற்பதும் அதே ஆள். கடைசியில் பத்திரத்தாளில் உறுதிமொழி எழுதி, நோட்டரியிடம் கையெழுத்து வாங்கிக் கொடுத்த பிறகுதான் நான்தான் நான் என்று ஒத்துக்கொண்டார்கள். இனிஷியலை முன்னால் போடுகிற பழக்கம் உள்ளவர்கள் இந்தப் பத்திரத்தை முதலிலேயே தயாராக வைத்திருங்கள், ஒரு நடை மிச்சம்.

ஜனவரியில் ஒரு நாள் லீவு போட்டுவிட்டுப் போனேன், நேரில் வந்து பார்ப்பதற்குத் தேதி வாங்கிவிடலாம் என்று. அலுவலகமே காலி. வாசலில் ஒரு தற்காலிகப் பணியாளர் மட்டும் டீ குடித்துக்கொண்டிருந்தார். எங்கே எல்லாரும் என்றால், ஏரியில் பறவைக் கணக்கெடுப்புக்குப் போயிருக்கிறார்களாம்! எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. என் பறவைகளை எண்ணத்தான் ஐயா வந்திருக்கிறேன், ஏரியில் இருப்பதைவிட இங்கே எண்ணுவது சுலபம், 11தான் என்று அவரிடமே சொல்லிவிட்டுத் திரும்பினேன். அதைச் சொன்ன வாய்க்குத் தண்டனை கிடைத்தது, ஏனென்றால் அப்போதே அது 11 இல்லை.

டிசம்பரில் ஒரு கன்யூர் இறந்துவிட்டது. காலையில் பார்த்தால் கூண்டின் தரையில் கிடக்கிறது, முந்தைய நாள் வரை நன்றாகத்தான் தின்றது. மனசு கேட்கவில்லை, முருங்கை மரத்தடியில் குழி தோண்டிப் புதைத்துவிட்டேன். போட்டோ எடுக்கவில்லை, டாக்டரிடம் கொண்டு போகவில்லை, காலில் இருந்த, எண் பொறித்த அடையாள ரிங்கைக்கூடக் கழற்றவில்லை. பிப்ரவரி கடைசியில் இன்னொரு கன்யூர் ஜோடி முட்டையிட வைத்த பெட்டிக்குள் நாலு குஞ்சு பொரித்தது. கோப்பு தூங்கலாம், கிளிக்கு அது தெரியுமா? நீங்களே கூட்டிக் கழித்துக்கொள்ளுங்கள்.

மார்ச் மாதம் ஒருவழியாக வனவர் வந்தார், கூட ஒரு வனக்காப்பாளர். நல்ல மனுஷன், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். மக்காவைப் பார்த்ததும் குழந்தை மாதிரி ஆகிவிட்டார். ஆனால் எண்ண ஆரம்பித்ததும் வனவர் ஆகிவிட்டார். ஒரு தடவை எண்ணினார், பெட்டியைத் திறந்து குஞ்சுகளை எண்ணினார், காகிதத்தைப் பார்த்தார், மறுபடி எண்ணினார்.

"சார், 11-னு போட்டிருக்கீங்க. 14 இருக்கு."

குஞ்சு விஷயம் சீக்கிரம் முடிந்தது. நாலுக்கும் ரிங் போட்டிருந்தேன். மூடிய ரிங்கை, அதாவது வெட்டோ இணைப்போ இல்லாத முழு வளையத்தை, இரண்டு வாரக் குஞ்சுக்குத்தான் போட முடியும், மூன்று விரலைச் சேர்த்துப் பிடித்து ரிங்கை வழுக்கி ஏற்றி, காலோடு மடங்கிய சின்ன விரலை மெல்ல வெளியே இழுத்துவிட வேண்டும், சில நாள் தாமதித்தால் ஏறாது. வளர்ந்த பறவையின் காலில் மூடிய ரிங் இருக்கிறது என்றால் அது குஞ்சிலேயே மனிதக் கைபட்டு வளர்ந்தது என்று அர்த்தம், காட்டிலிருந்து பிடித்ததில்லை என்பதற்கு நம் கையில் இருக்கிற நல்ல சாட்சி அதுதான். இதையெல்லாம் விளக்கியதும் ஒத்துக்கொண்டார், பிறப்பைத் தனியாக ஆன்லைனில் தெரிவித்துவிடச் சொன்னார்.

இறந்ததுதான் சிக்கல். "செத்துப்போச்சுன்னு நீங்க சொல்றீங்க. வித்துட்டீங்கன்னு நான் எழுதினா?" நியாயமான கேள்வி, அதனால்தான் கோபம் வந்தது. பதில் சொல்ல முடியாமல் நின்றேன். உள்ளேயிருந்து என் மனைவிதான் "ரிங்கோடதானே புதைச்சீங்க" என்றாள்.

முருங்கை மரத்தடியில் மண்வெட்டியோடு குனிந்தேன், வனவரும் காப்பாளரும் பக்கத்தில் நின்று பார்த்தார்கள். முதல் குழியில் ஒன்றும் இல்லை. ஒரு முழம் தள்ளித் தோண்டியதும் மஞ்சள் இறகு ரெண்டு வந்தது, மூன்று மாதத்துக்குப் பிறகும் அந்த மஞ்சள் மங்கவே இல்லை. அப்புறம் கையாலேயே மண்ணைச் சலித்தேன். தீக்குச்சி மொத்தத்தில் ஒரு எலும்பு, அதில் மாட்டியபடி ரிங். வேட்டி நுனியில் துடைத்துக் கொடுத்தேன். வனவர் அதை வெயிலில் சாய்த்துப் பிடித்து, வருஷத்தையும் எண்ணையும் எழுத்துக்கூட்டிப் படித்தார், காப்பாளர் பட்டியலில் தேடினார். இருந்தது. ஆறாவது வரி. யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

ஆகவே கேட்டுக்கொள்கிறேன்: பறவை இறந்தால் அழுங்கள், ஆனால் புதைப்பதற்கு முன்னால் ரிங் தெரிகிற மாதிரி போட்டோ எடுங்கள், கால்நடை மருத்துவரிடம் பிரேதப் பரிசோதனை செய்து சான்று வாங்குங்கள், அன்றைக்கே ஆன்லைனில் தெரிவியுங்கள். பிறப்பு, இறப்பு, கைமாறுவது மூன்றையும் தெரிவித்தே ஆகவேண்டும். விண்ணப்பம் நிலுவையில் இருக்கிறதே, முடிந்த பிறகு மொத்தமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தது என் இரண்டாவது தப்பு.

மூன்றாவது தப்பும் அன்றைக்கே வெளிப்பட்டது. கிரேக்கும் மக்காவுக்கும் உடம்புக்குள் செலுத்திய அடையாள மைக்ரோசிப். சிப் எண்ணைப் படிக்க ஸ்கேனர் வேண்டும், வந்தவர்களிடம் அது இல்லை. நல்லவேளையாக எங்கள் டாக்டரிடம் முன்னாடியே இரவல் வாங்கி வைத்திருந்தேன். ஆண் கிரேயைத் துண்டில் சுற்றிப் பிடித்தேன், என் கட்டைவிரலைக் கடித்துக்கொண்டே இருந்தது, மார்பின் இடதுபக்கம் ஸ்கேனரை நகர்த்தியதும் பீப் என்றது. 15 இலக்கத்தையும் காப்பாளர் ஒவ்வொன்றாகப் படித்தார். பட்டியலில் அது பெண்ணின் எண்! சிப் போட்ட அன்று கொடுத்த ஸ்டிக்கர்களை நான் அட்டை மாற்றி ஒட்டியிருக்கிறேன். அதைப் பார்த்துத்தான் விண்ணப்பத்தை நிரப்பியிருக்கிறேன். பார்வைக்கு ஆண் பெண் தெரியாத பறவை, ஆணா பெண்ணா என்று சொல்லும் டிஎன்ஏ சான்றில் இருப்பதோ ரிங் எண், நல்லவேளை ரிங்கும் இருந்தது. ரிங்கை வைத்து எது ஆண் என்று நிரூபித்து, திருத்தக் கடிதம் எழுதி, அதற்கு மேலும் இரண்டு மாதம். சிப் போடும்போதே ஸ்கேன் செய்து பார்த்து எழுதுங்கள், ஸ்டிக்கரை நம்பாதீர்கள். அந்த ஆண் கிரே இப்போது யார் மாடி ஏறி வந்தாலும் பீப் என்கிறது.

ஜூனில் சான்றிதழ். பழைய கன்யூர் ஆறு, கிரே ரெண்டு, மக்காவ் ரெண்டு, அப்புறம் தனியாகச் சேர்த்த குஞ்சு நாலு, எல்லாம் சரி.

கிரே சமாச்சாரம் மட்டும் முடியவில்லை. ஆப்பிரிக்கன் கிரே 2017 முதல் சைட்டிஸின் கட்டுப்பாடு அதிகமான முதல் பின்னிணைப்பில் இருக்கிறது. கன்யூரும் ப்ளூ அண்ட் கோல்டும் இரண்டாவதில். முதல் பின்னிணைப்பில் உள்ளதை வைத்திருக்கப் பதிவு போதும், குஞ்சு எடுப்பதென்றால் தனி உரிமம் வேண்டும், அதே வன உயிரினச் சட்டத்தின் 49-என் பிரிவு. அதற்கு விண்ணப்பம் கொடுக்கப் போனால், "இங்க யாரும் இதுவரைக்கும் வாங்கினதில்லையே" என்றார்கள், அதுவே ஒரு பதில் மாதிரி. வாங்கிக்கொள்ளவே இரண்டு நடை. முத்திரை போட்டுக் கொடுத்த நகலை மட்டும் பத்திரமாக வைத்திருக்கிறேன், எதைக் கொடுத்தாலும் நகலில் தேதியோடு முத்திரை வாங்காமல் படியிறங்காதீர்கள்.

அதுவரைக்கும் வம்பு வேண்டாம் என்று கிரே கூண்டிலிருந்து பெட்டியைக் கழற்றிவிட்டேன். பெண் கிரே நாலு நாளாக மூலையில் விரித்த காகிதத்தைக் கிழித்துக் குவித்துக்கொண்டிருக்கிறது. பக்கத்துக் கூண்டில் இன்னொரு கன்யூர் ஜோடி பெட்டிக்குள் போய் ஒரு வாரம் ஆகிறது, வெளியே ஒன்றுதான் வருகிறது. சான்றிதழில் 14.