கர்ப்ப காலத்தில் புற்றுநோய் வலி: ஒரு மாத்திரைக்காகப் பட்ட பாடு

ஐந்தாம் மாதத்தில் மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்தது. இடுப்பு எலும்புக்கும் பரவியிருந்தது. முதல் மூன்று மாதம் தாண்டிவிட்டதால் கீமோ கொடுக்கலாம் என்றார்கள், கொடுத்தார்கள். அதில் பெரிய சிக்கல் இல்லை. என்னை வதைத்தது வலிதான்.

இரவில் புரண்டு படுக்க முடியாது. கட்டிலை விட்டு இறங்கவே கணவர் அக்குளில் கை கொடுத்துத் தூக்க வேண்டும். பிரசவ மருத்துவரிடம் அழுதால், "வயித்துல குழந்தை இருக்கும்மா, பாராசிட்டமால் போட்டுக்கிட்டுப் பொறுத்துக்கோங்க" என்பார். கேன்சர் டாக்டரிடம் போனால், "வலி மருந்தை அவங்ககிட்டயே கேளுங்க" என்பார். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் ஒரு போன் போட்டுப் பேசியிருந்தால் நான் அத்தனை இரவுகள் விழித்துக் கிடந்திருக்க மாட்டேன்.

ஏழாம் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தாங்க முடியாமல் பக்கத்துக் கிளினிக்குக்குப் போனோம். டைக்ளோஃபெனாக் என்ற வலி ஊசியை எழுதிவிட்டார்கள். ஊசியோடு வந்த நர்ஸ் அக்கா, "எத்தனை மாசம்?" என்று கேட்டு அப்படியே நிறுத்திவிட்டார். அவருக்கு இன்றும் நன்றி சொல்கிறேன். டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் வகையறாக்கள் 20 வாரத்துக்கு மேல் பனிக்குட நீரைக் குறைக்கலாம். கடைசி மாதங்களில் குழந்தையின் இதயத்தை ஒட்டிய ஒரு ரத்தக்குழாயை முன்கூட்டியே மூடிவிடலாம். கடையில் கேட்டதும் கிடைக்கும் மாத்திரைகள் இவை, கவனம்.

கடைசியில் வலி நிவாரணப் பிரிவு டாக்டரம்மாதான் மார்ஃபின் எழுதினார், கடும் வலிக்கான மாத்திரை அது. "தூங்காம, சாப்பிடாம நீங்க வலியில துடிக்கிறது மட்டும் குழந்தைக்கு நல்லதா?" என்று கேட்டார். அதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை.

சீட்டு கிடைத்ததே தவிர மாத்திரை கிடைக்கவில்லை. மருந்துக் கடைகளில் சீட்டைப் பார்த்ததும் முகம் மாறும். மார்ஃபின் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வருகிறது. 2014-இல் அந்தச் சட்டத்தைத் திருத்தி, அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகள் இதை வைத்திருக்க வழி செய்தாகிவிட்டது. ஆனால் அப்படி ஓர் இடத்துக்குப் போனால், கவுன்டரில் இருந்தவர் சீட்டைத் திருப்பித் தள்ளினார். என்ன குறை என்று சொல்லக்கூட இல்லை. கெஞ்சிக் கேட்ட பிறகுதான் டாக்டரின் பதிவு எண் இல்லை என்றார். அதை வாங்கிக்கொண்டு போனால், மார்ஃபினைப் பூட்டி வைத்திருக்கும் அலமாரியின் சாவி வைத்திருப்பவர் லீவு! அதனால் கிளம்பும் முன் போன் போட்டு, மருந்து இருக்கிறதா, சாவிக்காரர் இருக்கிறாரா என்று இரண்டையும் கேளுங்கள். மாத்திரை தீர்ந்த காலி அட்டைகளைத் தூக்கிப் போடாதீர்கள், எங்களிடம் அடுத்த முறை திருப்பிக் கேட்டார்கள்.

நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை மாத்திரை. வலி வந்த பிறகு போடுவதல்ல, வருவதற்கு முன்பே. மலச்சிக்கல் கட்டாயம் வரும், முதல் நாளே அதற்கும் மருந்து கேட்டு வாங்குங்கள். மூன்றாம் நாள் இரவு விடியும்வரை தூங்கினேன்.

"போதை மருந்தாச்சே" என்று அத்தை பயந்தார். பிறந்த குழந்தைக்கு நடுக்கம், கீச்சென்ற அழுகை, பால் குடிக்கத் திணறல் வரலாம், மூச்சையும் கவனிக்க வேண்டும், ஆனால் சமாளிக்கலாம் என்று டாக்டரம்மா அவருக்கும் பொறுமையாக விளக்கினார். திடீரென்று நிறுத்துவதுதான் ஆபத்து. பிரசவத்துக்குச் சேர்ந்தபோது டியூட்டி டாக்டர் அதைத்தான் செய்யப் பார்த்தார். டாக்டரம்மா தந்த கடிதத்தை நீட்டினேன். படித்தார், மாத்திரையைத் தொடர்ந்தார். அந்தக் கடிதத்தைக் கேட்டு வாங்கி ஃபைலில் முதல் தாளாக வையுங்கள். குழந்தை மருத்துவரிடமும் முன்பே சொல்லிவிடுங்கள்.

மகளுக்கு லேசான நடுக்கம் இருந்தது. சில நாள் கண்காணிப்பில் வைத்தார்கள், மருந்தில்லாமலே சரியானது. கீமோ தொடர்வதால் தாய்ப்பால் கொடுக்க முடியவில்லை, பவுடர் பால்தான். எனக்கு இப்போது இடுப்புக்கு ரேடியேஷன் முடிந்து, மார்ஃபின் அளவைப் படிப்படியாகக் குறைத்து வருகிறார்கள்.